கையெழுத்தை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகாதீர்கள்

[திரையில்: ஒரு மேசை. நான்கு பக்கத் தாள், பேனா, ரப்பர் முத்திரை.]

வணக்கம். இந்தத் தாளைக் கொஞ்சம் பாருங்கள். இது ஒரு பிரமாணப் பத்திரம், அஃபிடவிட் என்று சொல்கிறோமே அதுதான், இதில் எழுதியிருப்பது உண்மை என்று சத்தியம் செய்து கொடுக்கிற தாள். நான்கு பக்கம், சுத்தமாக டைப் அடித்திருக்கிறது, கடைசிப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும்கூட இருக்கிறது. ஆனால் இதை எடுத்துக்கொண்டு போனால், ஒழுங்காக வேலை பார்க்கிற எந்த நோட்டரியும் திருப்பித்தான் அனுப்புவார்.

நான் முதல்முறை போனபோதும் இதுதான் நடந்தது. வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று முந்தின இரவே எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தேன். நோட்டரி முதல் பக்கத்தைப் படிக்கவே இல்லை, நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "இதை நீங்கள் போட்டதை நான் பார்க்கவில்லையே" என்றார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் புரிந்தது.

[திரையில்: கடைசிப் பக்கத்தின் அடிப்பகுதி, நெருக்கத்தில்.]

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கும், பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதில்லை. "இன்ன நாளில், இன்ன இடத்தில், என் முன்னிலையில் பிரமாணம் செய்து கையெழுத்திட்டார்" என்கிற மாதிரி. அதன் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து இல்லை, அவருடையது. அந்த வரி அவர் கொடுக்கிற சாட்சி. நீங்கள் நேற்று ராத்திரி வீட்டில் போட்ட கையெழுத்துக்கு இன்று "என் முன்னிலையில்" என்று எழுதினால் அது பொய்ச் சாட்சி. வேறு சில பத்திரங்களுக்கு, முன்பே போட்ட கையெழுத்தை "இது என்னுடையதுதான்" என்று நேரில் வந்து ஒப்புக்கொண்டாலே போதும் என்று சில நாடுகளில் இருக்கிறது. பிரமாணப் பத்திரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சரி, யாரிடம் போவது? இதற்குப் பெயரே இடத்துக்கு இடம் வேறு. தமிழ்நாட்டில் அஃபிடவிட் என்பதை இலங்கையில் சத்தியக்கடதாசி என்பார்கள், அதில் கையொப்பம் வாங்க, பிரமாணம் செய்துவைக்கிற அதிகாரம் உள்ள சமாதான நீதவானிடம் போவார்கள். நோட்டரியை அங்கே நொத்தாரிசு என்பார்கள். இலங்கையில் நொத்தாரிசு என்றதும் ஞாபகம் வருவது காணி உறுதிதான், அதாவது நிலப் பத்திரம், ஏனென்றால் 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி காணி கைமாறுகிற உறுதியை நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் அத்தாட்சிப்படுத்த வேண்டும். இந்தியாவில் 1952ஆம் ஆண்டு நோட்டரிச் சட்டப்படி நோட்டரியே பிரமாணமும் செய்துவைக்கலாம், அதோடு நீதிமன்ற வேலைகளுக்குப் பிரமாணம் செய்துவைக்கிற ஓத் கமிஷனர்களும் உண்டு. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் நோட்டரி என்பவர் பத்திரத்தைத் தானே எழுதி, உள்ளடக்கம் சட்டப்படி சரிதானா என்பதற்கும் பொறுப்பேற்கிறவர், அங்கே அது பெரிய பதவி. ஆகவே ஒரு நாட்டில் பழகியதை வைத்து இன்னொரு நாட்டில் கணக்குப் போடாதீர்கள்.

பொதுவாக இங்கிலாந்துச் சட்ட வழி வந்த நாடுகளில் ஓத் கமிஷனர் பிரமாணம் செய்துவைப்பார், அதற்கு மேல் அவருக்கு அதிகாரம் இல்லை. நோட்டரி என்றால் அதோடு கையெழுத்தையும் அடையாளத்தையும் உறுதிசெய்வார், ஒரிஜினலைப் பார்த்து நகலுக்குச் சான்று கொடுப்பார், வெளிநாட்டுக்குப் போகிற பத்திரங்களைத் தயார்செய்வார். தாளைக் கேட்கிற அலுவலகத்திடமே "யார் கையெழுத்து வேண்டும், நோட்டரியா, கமிஷனர் போதுமா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் கமிஷனரே போதும், நோட்டரி கட்டணம் வீண்.

இப்போது நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். சீல் விழுந்துவிட்டால் தாளில் இருப்பதெல்லாம் உண்மை ஆகிவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வந்தவர் இன்னார்தான், யாரும் மிரட்டி அழைத்து வரவில்லை, என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்கிறார், என் கண் முன்னே கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான் அந்த சீல் சொல்கிறது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு உங்களுடையது. பொய்ப் பிரமாணம் குற்றம், சிறை வரைக்கும் போகும். டைப் அடித்துக் கொடுத்தவர் பழைய பத்திரத்தை நகலெடுத்து, அதில் வேறு யாருடைய தந்தை பெயரோ அப்படியே தங்கிவிட்டால்கூட, கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள்.

அதனால்தான் மொழி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் ஒரு வரிகூடப் புரியாத ஆங்கிலப் பத்திரத்தில், "இங்கே போடுங்க, அங்கே போடுங்க" என்று விரல் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! பத்திரத்தின் மொழி தெரியாதவருக்கு அதை அவர் மொழியில் வாசித்து விளக்க வேண்டும், விளக்கியதையும் அந்தக் கடைசி வரியிலேயே குறிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இருந்தால் பல இடங்களில் அவரும் தனியாகப் பிரமாணம் செய்ய வேண்டும். அம்மாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து இதைக் கேட்டு வாங்குங்கள். நேரமாகிறது என்று முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம், எழுதும்போது ஒரு வித்தியாசம் பாருங்கள். நீங்களே கண்ணால் பார்த்ததை "எனக்குத் தெரியும்" என்று எழுதலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டதை அப்படி எழுதக்கூடாது, "இன்னார் சொல்லித் தெரிந்துகொண்டேன், அது உண்மை என்று நம்புகிறேன்" என்றுதான் எழுத வேண்டும். கேள்விப்பட்டதையும் பார்த்ததையும் ஒன்றாகக் கலந்த பத்திரத்தை எதிர்த்தரப்பு வக்கீல் வரி வரியாகப் பிரித்துவிடுவார்.

[திரையில்: இரண்டு வாசகங்கள், ஒன்றின் கீழ் ஒன்று. "கடவுளறிய", "உளமார".]

பதவியேற்பு விழாக்களில் இந்த இரண்டு சொல்லையும் கேட்டிருப்பீர்கள். பிரமாணப் பத்திரத்திலும் அதே தேர்வு பொதுவாக உங்களுக்கு உண்டு. கடவுள் பெயரால் சொல்ல விருப்பமில்லை என்றால் உளமார உறுதி சொன்னால் போதும், எடை இரண்டுக்கும் ஒன்றுதான். இது சும்மா வந்துவிடவில்லை. 1880இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சார்ல்ஸ் பிராட்லா, தான் நாத்திகர் என்பதால் உறுதிமொழி சொல்ல அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள், ஆண்டுக்கணக்கில் இழுபறி. கடைசியில் அவரே முன்னின்று கொண்டுவந்த 1888ஆம் ஆண்டுச் சட்டம்தான் அங்கே அந்த உரிமையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. எது வேண்டும் என்று பிரமாணம் செய்துவைப்பவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

போகும்போது என்ன வேண்டும்? புகைப்படம் உள்ள, காலாவதியாகாத அடையாள அட்டை, ஒரிஜினல். பத்திரத்தில் இருக்கிற பெயரும் அட்டையில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நமக்கு இதில்தான் அடி விழும், இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், இன்னோரிடத்தில் அப்பா பெயர் முழுசாக விரிந்து நிற்கும். கூட வைக்கிற ரசீது, கடிதம் எல்லாவற்றுக்கும் 'ஏ', 'பி' என்று குறி போட்டு, ஒவ்வொன்றிலும் பிரமாணம் செய்துவைப்பவரின் கையெழுத்து வாங்க வேண்டும். பத்திரத்தில் காலி இடம் எதையும் விட்டுவைக்காதீர்கள். கையால் ஏதாவது திருத்தினால் பக்கத்தில் நீங்களும் அவரும் சுருக்கொப்பம் போடுங்கள், வெள்ளை மை மட்டும் வேண்டவே வேண்டாம். அவர் உங்கள் சொந்தக்காரராக இருந்தாலோ அந்தப் பத்திரத்தில் அவருக்கே லாபம் இருந்தாலோ வேறொருவரிடம் போங்கள்.

[திரையில்: ஒரு சதுரச் சான்று, பத்து எண்கள் வரிசையாக.]

வெளிநாட்டுக்குப் போகிற தாள் என்றால் நோட்டரியோடு முடியாது. அங்கே இருக்கிற அதிகாரிக்கு இங்கே இருக்கிற நோட்டரியின் கையெழுத்து எப்படித் தெரியும்? அதற்குத்தான் அப்போஸ்டில் என்கிற சான்று. 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் முடிவான ஒப்பந்தப்படி வந்தது அது. ஒவ்வொரு ஓரமும் குறைந்தது 9 சென்டிமீட்டர் உள்ள சதுரம், உள்ளே எண் போட்ட பத்து விவரங்கள், எந்த நாடு கொடுத்தாலும் தலைப்பு மட்டும் பிரெஞ்சில்தான். அதுவும் கையெழுத்தையும் பதவியையும் முத்திரையையும்தான் உறுதிசெய்கிறது, உள்ளடக்கத்தை இல்லை. இந்தியா 2005இலிருந்து இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது, கனடாவில் 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாடுகளும் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் இது செல்லும், இல்லாவிட்டால் தூதரகம் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

வீடியோ அழைப்பில் செய்கிற நோட்டரியும் வந்துவிட்டது, அமெரிக்காவில் வர்ஜீனியா 2012இலேயே அனுமதித்தது. வசதிதான். ஆனால் தாளை வாங்குகிற அலுவலகம் அதை ஏற்குமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

[திரையில்: மறுபடியும் அதே நான்கு பக்கம், இப்போது முத்திரையுடன்.]

வேலை முடிந்ததும் மேசையை விட்டு எழுவதற்கு முன் அந்தக் கடைசி வரியை ஒருமுறை படியுங்கள். தேதி, இடம், அவர் பெயர், அவருடைய பதிவெண் கேட்கிற இடமென்றால் அதுவும், எல்லாப் பக்கத்திலும் சுருக்கொப்பம். தப்பு இருந்தால் அங்கேயே அவர் கையாலேயே திருத்தி வாங்குங்கள். வீட்டுக்கு வந்து ஸ்கேன் எடுக்கும்போது ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றிவிடாதீர்கள். பின் கழன்ற துளை தெரிந்தாலே, நடுவில் ஒரு பக்கத்தை மாற்றிவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்கிற அலுவலகங்கள் உண்டு. பின்னோடு வைத்து மெதுவாகப் பக்கத்தை மடித்துத்தான் எடுக்க வேண்டும், இதோ, இப்படி.