பெட்டியும் மூச்சு விடும்

வணக்கம் நேயர்களே. மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கத்திலும் கரண்ட் வேலை செய்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த உரைக்குக் கூப்பிட்டபோது சோலார், பேட்டரி என்று புதிதாக ஏதாவது பேசச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். "நீங்களே ஒன்றைத் தெரிவு செய்யுங்கோ" என்றார்கள். சரி, நான் ஒரு பெட்டியைத் தெரிவு செய்தேன். வெளிச்சுவரில், கிணற்றடியில், கேற்றடியில், இறால் பண்ணையில் திருகி வைத்திருப்போமே, சுவிச்சும் பிரேக்கரும் உள்ளே இருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. ஹார்ட்வெயார் கடையில் வோட்டர்புறூஃப் பொக்ஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

மாரி தொடங்கினால் என் போனுக்கு ஓய்வில்லை. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மழை பெய்தால் ட்ரிப் விழுது." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள்தான் விஷயம் இருக்கும். பெட்டி நல்ல பெட்டியாகத்தான் இருக்கும். அதைக் கெடுத்தது நாங்கள், அதாவது அதைச் சுவரில் வைத்த என்னைப் போன்ற ஆட்கள்.

என் பிழையையே முதலில் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கிய காலம். களுவாஞ்சிகுடியில் மாமி வீட்டுக் கிணற்றடி மோட்டருக்கு ஒரு சுவிச் பெட்டி வைத்துக் கொடுத்தேன். மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், நான்கு மூலையிலும் திருகாணி, ஒரு குறையும் இல்லை. வயர் தாழ்வாரத்திலிருந்து இறங்கி வந்தது. அதனால் பெட்டியின் தலையில் துளை போட்டு நேராக உள்ளே இறக்கினேன். பார்க்க வடிவாக இருந்தது. கார்த்திகை கழியவில்லை, மாமி ஆள் அனுப்பினார். "மருமகன், அந்தச் சுவிச்சில கை வைச்சா சுள்ளெண்டு அடிக்குது. நான் இப்ப தும்புத்தடியாலதான் போடுறன், நிப்பாட்டுறன்."

மெயினை இறக்கிவிட்டு மூடியின் கீழ்த் திருகாணிகளைத் தளர்த்தினேன். குழாயைத் திறந்ததுபோலத் தண்ணீர் என் காலில் கொட்டியது. சுவிச்சின் பித்தளை முனைகள் பச்சை பிடித்துப் போயிருந்தன. வயர் வழியே வந்த மழை தலைத் துளையால் இறங்கியிருக்கிறது. மூடியும் அடியும் அவ்வளவு நன்றாக இறுகியிருந்ததால் வெளியே போக வழியில்லை. தண்ணீர் புகாத பெட்டி, புகுந்த தண்ணீரை விடாத பெட்டியும்தான். நான் மாமியின் சுவரில் ஒரு வாளியை மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு பெட்டியின் தலையில் நான் துளை போட்டதே இல்லை. வயர் மேலேயிருந்து வந்தாலும் பெட்டியைத் தாண்டிக் கீழே விட்டு, ஒரு வளைவு கொடுத்து, அடிப்பக்கத்தால்தான் மேலே ஏற்றுவேன். உடுப்புக் காயப்போடும் கொடியில் மழைத்துளி எங்கே போய்ச் சேர்கிறது என்று கவனித்திருப்பீர்கள். கொடி எங்கே தாழ்ந்து தொங்குகிறதோ அங்கே. வயரில் ஓடும் தண்ணீரும் அந்த வளைவின் அடியில் சேர்ந்து சொட்டிப் போய்விடும், பெட்டிக்கு வராது.

இனி அந்த எண். பெட்டியிலோ அது வந்த அட்டையிலோ ஐ.பி. என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். ஐ.இ.சி. 60529 என்ற சர்வதேச நியமத்தின்படி வருவது அது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தண்ணீர் இலக்கம் 4 என்றால் எந்தப் பக்கத்தால் தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயால் நிமிடத்துக்கு 12.5 லீற்றர் பீச்சிப் பார்த்திருக்கிறார்கள். 6 என்றால் 12.5 மில்லிமீட்டர் வாய், நிமிடத்துக்கு 100 லீற்றர். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 6ஐத் தாங்கும் பெட்டி 5ஐயும் தாங்கும், ஆனால் 7 என்று மட்டும் போட்ட பெட்டி பீச்சும் தண்ணீரைத் தாங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. இரண்டும் வேண்டுமானால் இரண்டு எண்ணும் அச்சடித்திருக்க வேண்டும். வீட்டு வெளிச்சுவருக்கு 65 போதும். நல்ல தாழ்வாரத்துக்கு உள்ளே என்றால் 55கூடப் பரவாயில்லை. ஆனால் மழை மேலேயிருந்து மட்டும் வரும் என்று நம்பித் தாழ்வாரத்தை அளக்கிறவர்கள், 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவர்கள் முதல் இலக்கத்தையும் பாருங்கள். அங்கே 6தான் வேண்டும். தவிட்டுத் தூசி உள்ளே படிந்து, அதில் ஈரமும் ஏறினால் களிதான்.

இந்தச் சோதனை எல்லாம் புதுப் பெட்டிக்கு, நல்ல தண்ணீரில் செய்வது. உப்பைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் அந்த இரண்டு இலக்கமும் வாயே திறப்பதில்லை. எழுவான்கரையில் நமக்கோ ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒரு கீற்று மணல். காற்றில் வரும் உப்புத் தூள் எங்கும் படிகிறது. கறி உப்பு மாரியில் கசிந்து போத்தலில் கட்டிபடுகிறதல்லவா, காற்றின் ஈரம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீர் இழுக்கும். பிரேக்கரின் இரண்டு முனைகளுக்கு நடுவே படிந்த உப்பும் அதையே செய்கிறது. மெல்லிய ஈரக் கோடு ஒன்று உருவாகும். அதில் கரண்ட் கசியும், கசிந்த இடம் கருகும், கருகிய கரி இன்னும் நன்றாகக் கடத்தும். மழை பெய்தால் ட்ரிப் விழுது என்பதன் மறுபாதி இது. ட்ரிப் சுவிச் என்பது 30 மில்லிஅம்பியர் கசிந்தால் விழுவதற்காகச் செய்த சுவிச். அது விழுவது பழுதல்ல, அதன் வேலையை அது செய்கிறது. அது கரைச்சல் தருகிறது என்று கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு நான் போவதில்லை.

"அண்ணை, பெட்டியில ஒரு ஓட்டையும் இல்லை, ரப்பரும் புதுசு, ஆனா உள்ளே தண்ணி நிக்குது. எப்படி?" என்று ஆரையம்பதித் தம்பி ஒருவர் கேட்டார். எனக்கே இது விளங்கப் பல வருடம் எடுத்தது.

பிளாஸ்டிக் போத்தலில் சுடுதண்ணீர் விட்டுக் குலுக்கி, ஊற்றிவிட்டு, உடனே மூடியை இறுக்கி வைத்துப் பாருங்கள். ஆறியதும் போத்தல் ஒடுங்கிப்போகும். உள்ளே இருந்த சூடான காற்றும் ஆவியும் சுருங்கியதால் வந்த வினை. பெட்டிக்கும் இதுதான் நடக்கிறது. ஐப்பசியில் பகல் முழுக்க வெயில், பின்னேரம் இடியோடு மழை. வெயிலில் பெட்டிக்குள் காற்று 50 பாகைக்கு ஏறி நிற்கிறது என்று வையுங்கள். மழை விழுந்ததும் கிடுகிடுவென்று 25க்கு இறங்கும். அப்போது உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 8 சதவீதம் குறையும். 8 சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். ஒரு குழாயில் தண்ணீரை முக்கால் மீட்டருக்கு மேல் உறிஞ்சி ஏற்றப் போதுமான இழுவை அது. பெட்டியைச் சுற்றி மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் பெட்டி உள்ளே மூச்சு இழுக்கிறது. மயிரிழை இடைவெளி போதும், தண்ணீரை இழுத்துவிடும். இடைவெளியே இல்லாவிட்டாலும் நாட்பட நாட்பட ரப்பர் ஓரத்தால் ஈரக் காற்று போகும். இரவில் குளிர்ந்ததும் மூடியின் உட்பக்கம் வியர்க்கும். பத்து லீற்றர் கொள்ளும் பெட்டியில் ஓர் இரவுக்கு ஒரு துளி என்றாலும், மாரி மூன்று மாதம் நீடிக்கிறது.

ஆகவே மூச்சை அடைக்கப் பார்ப்பதில் பயனில்லை. அதற்கு ஒரு வழி விட வேண்டும். மூச்சுத் துவாரம் என்று சின்ன அடைப்பான் ஒன்று கிடைக்கிறது. காற்றையும் ஆவியையும் விடும் மெல்லிய தாள் ஒன்று அதற்குள் இருக்கும், தண்ணீரைத் துளியாக விடாது. அதைப் பெட்டியின் அடியில் பூட்டலாம். கிடைக்காத இடத்தில் அடிப்பக்கம் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுகிறவர்கள் உண்டு. போட்ட அந்த நிமிடமே பெட்டியில் அச்சடித்த எண் செல்லாது. ஆனாலும் தாழ்வாரத்துக்குக் கீழே, தண்ணீர் பீச்சாத இடத்தில், உள்ளே குளம் கட்டி நிற்பதைவிட அது மேல் என்பது என் எண்ணம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: குளவி வந்து அந்தத் துளையில் மண் வைத்துவிடும். துளையில் மெல்லிய வலைத் துண்டு வைத்தால் எறும்பும் ஏறாது.

அடுத்தது வயர் நுழையும் வாய். கேபிள் கிளாண்ட் என்கிறோமே, முடுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வயரைச் சுற்றி இறுகும். அந்த ரப்பர் வட்டம், நாம் வீடுகளில் இழுக்கும் இரட்டை வயரோ தட்டை. வட்டத்துக்குள் தட்டையை விட்டு எவ்வளவு முடுக்கினாலும் இரண்டு பக்கமும் பிறைபோல இடைவெளி நிற்கும். ஒரே கிளாண்டில் இரண்டு வயரைத் திணித்தாலும் அதே கதை. வெளிப் பெட்டிக்கு வரும் கடைசி மீற்றருக்காவது உருண்டை உறை வயர் போடுங்கள், ஒரு வயருக்கு ஒரு கிளாண்ட் வையுங்கள். பெட்டியைச் சுவரில் மாட்டும்போது முதுகில் நடுவே துளை போட்டுத் திருகாணி அடிப்பது இன்னொரு வழக்கம். பெட்டி செய்தவன் ரப்பர் வளையத்துக்கு வெளியே, மூலைகளில் அதற்கென்று துளை விட்டிருப்பான், அல்லது காது வைத்திருப்பான். அதைத் தேடிப் பார்க்கப் பொறுமை இல்லாமல்தான் முதுகைக் குத்துகிறோம்.

பிறகு எல்லாவற்றையும் சிலிக்கன் போட்டு அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை. சிலிக்கன் ரியூபைத் திறந்ததும் வினாகிரி மணம் அடித்தால் அதைப் பெட்டிக்குள் கொண்டுபோகாதீர்கள். அது காயும்போது விடும் அமிலம் செம்பை அரிக்கும். மணமில்லாத வகை தனியாக இருக்கிறது, விலை கொஞ்சம் கூட.

எந்தப் பொருளில் வாங்குவது? கரையோரத்தில் இரும்புப் பெட்டி வேண்டாம் என்பேன். பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிளாண்டுக்காகத் துளை போட்ட ஓரத்தில் பூச்சு இல்லை, துரு அங்கேதான் பிறக்கும். துருப்பிடிக்காத உருக்கு என்று வாங்குவதானால் 304 என்ற தரம் கடற்காற்றில் பழுப்புப் படியும், 316 என்ற தரம் நின்றுபிடிக்கும், விலையோ தலை சுற்றும். மலிவான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வெயிலில் மஞ்சளாகி நொருங்கும். வெயில் தாங்கும் வகைப் பொலிகாபனேற் பெட்டி வீட்டுக்குச் சரியான நடு வழி. ஒரு சுற்றுப் பெரிதாகவே வாங்குங்கள். பிரேக்கரை 30 பாகைக்குக் கணக்குப் பண்ணித்தான் செய்கிறார்கள். ஆடி மாதம் கச்சான் காற்று வீசும்போது மேற்குச் சுவரில் அடைத்து வைத்த சின்னப் பெட்டிக்குள் அதைவிட எவ்வளவோ கூட ஏறும். அப்போது பிரேக்கர் பாரம் கூடாமலே விழும். நிழல் விழும் சுவர் இருந்தால் அந்தச் சுவரே நல்லது.

வெள்ளத்துக்கு எந்தப் பெட்டியும் மருந்தல்ல. 7 என்ற எண்கூட அரை மணிக்குத்தான் பொறுப்பு. 2011 ஜனவரியில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று வாவிக்கு மேற்கே படுவான்கரை ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 நவம்பர் கடைசியில் அம்பாறைக் கரையோரமும் கண்டது. சுவரில் பழைய வெள்ளத்தின் கறை எங்கே நின்றதோ அதற்கு மேலே பெட்டியை வையுங்கள், அவ்வளவுதான். வெள்ளத்தில் நனைந்த பிரேக்கரையும் ட்ரிப் சுவிச்சையும் வெயிலில் காயவைத்துத் திரும்பப் பூட்ட வேண்டாம், மாற்றுங்கள். வயரை மெகர் என்ற கசிவு பார்க்கும் கருவி வைத்துப் பார்த்து, தேறினால் வைத்துக்கொள்ளலாம். மீற்றரும் அதன் சீலும் கரண்ட் தருகிறவர்களுடையது. அதில் கை வைக்காமல் அவர்களுக்கே சொல்லுங்கள்.

மாரிக்கு முன் வீட்டில் நீங்களே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. மெயினை இறக்கிவிட்டு, கொப்பித் தாளில் விரலகலத்துக்கு ஒரு கீற்றுக் கிழியுங்கள். அதை ரப்பருக்கும் மூடிக்கும் இடையில் வைத்துத் திருகாணிகளை முடுக்கி, தாளை இழுங்கள். கிழிந்தால் ரப்பர் பிடிக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிக்கவில்லை. நான்கு பக்கமும் பாருங்கள். திருகாணியை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒன்றை ஒரேயடியாக இறுக்கினால் மற்ற மூலை தூக்கிக்கொள்ளும். ரப்பர் தட்டையாகி, அமர்த்திய அச்சிலேயே நின்றுவிட்டால் அதற்கு வயது போய்விட்டது. மூடிக்குள் வியர்வைக் கறையோ வயர் முனையில் பச்சையோ கண்டால் அதற்கு மேல் நீங்கள் தொடாமல் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

மாமியின் பெட்டியை அன்றைக்கே மாற்றினேன். கிணற்றடியை விட்டுக் குசினிச் சுவருக்கு, தாழ்வாரத்துக்குள், நெஞ்சு உயரத்தில், வயர் அடியால். பிறகு இரண்டு தடவை ரப்பரும் மாற்றியாகிவிட்டது. போன மாரியில் போனபோது மூடியைத் திறந்து காட்டினேன், செத்த எறும்பு இரண்டைத் தவிர ஒன்றுமில்லை. மாமி எட்டிப் பார்த்தார். பக்கத்தில் ஆணியில் தும்புத்தடி தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப அது அடிக்கிறல்ல மருமகன். எண்டாலும் தடி அங்கயே கிடக்கட்டும்."