ஆடிக்குப் பிறகு ஐந்து மாதம்

நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. அந்த நாட்களில் மீனவர் வீட்டில் அடுப்பு அணைந்துவிடக் கூடாது என்று அரசு நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த தொகையை 8,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நடக்காது. அந்தத் தொழிலாளர்களுக்கும் 5,000 ரூபாய் உண்டு. போதுமா என்றால் போதாதுதான். ஆனால், ஒரு தொழிலில் ஒரு பருவம் படுத்துவிட்டால் அதைக் கடக்கப் பொதுப்பணம் கைகொடுக்க வேண்டும் என்பதை இந்த மாநிலம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கரகம் ஆடுகிறவர்களுக்கும் அப்படிப் படுத்துப்போகிற பருவம் ஒன்று இருக்கிறது. அதற்கும் அதே நியாயம் வேண்டும் என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் பல ஆண்டுகள் கரகம் ஆடியவள். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு சலங்கையைக் கழற்றிவிட்டேன். இப்போது எங்கள் பக்கத்துக் கலைஞர்களுக்கு நல வாரிய விண்ணப்பம் நிரப்பித் தருவது, சான்றிதழுக்கு அலைவது என்று பொழுது போகிறது.

எங்கள் பருவம் தைப்பொங்கலோடு தொடங்கும். மாசி, பங்குனி, சித்திரையில் கோயில் கொடைகள், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்கள், நெருக்கியடித்து வரும். ஆடி மாத அம்மன் கோயில்களோடு அடங்கிவிடும். ஆவணியிலிருந்து மார்கழி வரை அங்கொன்றும் இங்கொன்றும்தான். எங்கள் ஆட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் தவில் வாசிப்பவர் அந்த மாதங்களில் ஏதாவது கல்யாண வீட்டுக்காவது போய் வருவார். கரகக்காரியை முகூர்த்தத்துக்கு யார் அழைப்பார்கள்? சித்தாள் வேலைக்குப் போவோம், நூறு நாள் வேலைக்குப் போவோம். இருக்கிற பருவத்தையும் தேர்தல் கடித்துத் தின்றுவிடுகிறது. 2019இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, 2021இல் ஏப்ரல் 6, 2024இல் ஏப்ரல் 19. மூன்றுமே எங்களுக்குப் பங்குனி, சித்திரை. ஆட்டத்துக்கு அனுமதி கேட்டுப் போனால், “தேர்தல் முடியட்டும், பார்க்கலாம்” என்பார்கள். தேர்தல் முடிவதற்குள் கொடை முடிந்துவிடும். 2020, 2021 கொரோனா ஆண்டுகளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

தீபாவளி வருகிறது, கையில் காசு இல்லை. செட்டு என்று நாங்கள் சொல்லும் ஆட்டக் குழுவின் தலைவரிடமோ ஏஜென்டிடமோ முன்பணம் வாங்குகிறோம். அடுத்த தை மாதம் முதல் அந்த முன்பணம்தான் எங்களை நடத்துகிறது. எந்த ஊருக்குப் போவது, எத்தனை மணி வரை ஆடுவது, என்ன பாட்டுக்கு ஆடுவது, எல்லாவற்றையும் கடன் கொடுத்தவர் முடிவு செய்கிறார். விழாக் கமிட்டி எவ்வளவு பேசியது என்பதே ஆடுகிறவளுக்குத் தெரியாது. வண்டி வாடகை, கமிஷன், கழிவு எல்லாம் போக மிச்சம் கைக்கு வரும். அதிலும் பழைய கடனுக்குப் பிடித்தம் போகும். உடை, ஒப்பனை, கரகச் செம்பு, அதன்மேல் வைக்கும் கிளி எல்லாம் அவள் செலவு.

ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் இடத்தை நேயர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? பெரும்பாலும் வேனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்துதான். ஒருத்தி போர்வையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருத்தி மாற்றுவாள். போர்வைக்கு அந்தப் பக்கம் செல்போன்கள் காத்திருக்கும். கழிப்பறை இருக்காது என்று தெரியும். ஆகவே மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்வோம். அரிசி நிரப்பிய செம்பைச் சும்மாட்டின்மேல் ஏற்றி, வறண்ட நாக்கோடு கட்டாந்தரையில் ஆடுவோம். அப்புறம் ஒருவர் வருவார், பத்து ரூபாய்த் தாளையும் ஊக்கையும் வைத்துக்கொண்டு. ரவிக்கையில் குத்திவிட்டுத்தான் போவார். அதற்கு அன்பளிப்பு என்று பெயர். தலையில் கரகம் நிற்கிறது. கையால் தடுத்தால் ஆட்டம் கெடும், முறைத்தால் ஊர்ப் பகை. சின்னப் பெண் ஒருத்தியிடம், “முடியாது என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாமே” என்று கேட்டேன். “இறங்கிவிட்டால் முன்பணத்தை யார் அடைப்பது, அக்கா?” என்று கேட்டாள்.

கரகாட்டத்தில் ஆபாசம் மிகுந்துவிட்டது என்று சொல்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும். நீதிமன்ற நிபந்தனைகளோடு அனுமதிக் கடிதங்கள் வருகின்றன. இரட்டைப் பொருள் பாட்டு கூடாது, உடை கண்ணியமாக இருக்க வேண்டும், இரவு 10 மணிக்குள் முடிக்க வேண்டும். எனக்கு இவற்றில் மறுப்பில்லை. ஆனால் நான் படித்துப் பார்த்த கடிதங்களில் ஆடுகிறவளின் உடை அளவு இருந்தது, அவள் கூலி இல்லை. அந்தப் பாட்டைக் கேட்டு விசிலடிப்பவரும், அதைப் போடச் சொல்லி ஏஜென்டை நெருக்குபவரும் நிபந்தனைக்கு வெளியே நிற்கிறார்கள். ஐப்பசியில் வீட்டில் அரிசி இருக்கிறவள்தான் பங்குனியில் முடியாது என்று சொல்வாள். ஒழுக்கப் பாடத்தைவிட ஐந்து மாதச் செலவுக்கான பணம் இந்தக் கலையை விரைவாகச் சுத்தம் செய்யும் என்பது என் துணிபு.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, மூக்குக் கண்ணாடிக்கு, இறப்புக்கு உதவி வருகிறது. இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக முதிய கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் கிடைக்கிறது. சென்னை சங்கமம் கலைவிழா நடக்கிறது, விருது கொடுக்கிறார்கள். இவற்றில் முதுமைக்குப் பணம் இருக்கிறது, சாவுக்கும் இருக்கிறது. இருபதிலிருந்து ஐம்பது வயது வரை, உடம்பு தேயத் தேய ஆடுகிற காலத்துக்குத்தான் இல்லை.

பொதுப்பணத்தைக் கூத்தாடிகளுக்குக் கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் அதன் சுவரிலுள்ள ஒரு கல்வெட்டைப் பார்க்க வேண்டும். முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, கொண்டுவந்து குடியமர்த்தினான். ஆளுக்கொரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், அவள் பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று நான் கொண்டாட வரவில்லை. அது பிறகு தேவதாசி முறையாகி எங்கே போய் முடிந்தது என்பதும், அதை 1947இல் சட்டம் போட்டு நிறுத்த வேண்டியிருந்ததும் நமக்குத் தெரியும். ஆனால் ஒருத்தியின் பெயரையும் அவளுக்குரிய நெல்லையும் ஒரே வரியில் எழுதிவைக்கும் வழக்கம் அன்றே இருந்தது. இன்றைய விழா நோட்டீசில் “கரகாட்டம்” என்று மட்டும்தான் இருக்கிறது.

யார் உண்மையில் ஆடுகிறவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, போலி அட்டைகள் பெருகிவிடாதா என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிரான்சில் மேடைக் கலைஞர்கள் 12 மாதத்தில் 507 மணி நேரம் கூலி வேலை செய்ததாகக் காட்டினால், வேலை இல்லாத இடைக்காலத்துக்கு வேலையில்லாக் காப்பீட்டிலிருந்து உதவித்தொகை உண்டு. கூலி பெற்ற ஒத்திகையும் கணக்கில் சேரும். அதுவும் சும்மா நிலைத்துவிடவில்லை. 2003இல் விதிகளை இறுக்கியபோது கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, அவிஞ்ஞோன் நாடக விழாவே அந்த ஆண்டு நடக்கவில்லை. இங்கே மணிக்கணக்கு ஒத்துவராது, ஆட்டக்கணக்கு ஒத்துவரும். காவல் நிலைய அனுமதிக்கு எப்படியும் மனுக் கொடுக்கிறோம். அதோடு ஒரு தாள் இணைத்தால் போதும்: ஆடுகிறவர், வாசிக்கிறவர் ஒவ்வொருவரின் பெயர், நல வாரிய எண், பேசிய கூலி. பருவம் முடியும்போது யார் எத்தனை ஆட்டம் ஆடினார் என்பது தானாகத் தெரிந்துவிடும். அந்தக் கணக்கை வைத்து ஆவணி முதல் மார்கழி வரை நிவாரணம் கொடுக்கலாம்.

அந்தத் தாளுக்கு இன்னொரு பயன் உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும். வேலைக்காகப் போகிற இடமும் பணியிடம், அழைத்துப் போகிற வண்டியும் பணியிடம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடங்களுக்காக மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் பெண்கள் அங்கே போனால், “நீ அங்கே வேலை செய்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

சபாவில் பரதம் ஆடும் இளம் பெண்கள் பக்கவாத்தியத்துக்குத் தம் கைக்காசைக் கொடுத்து மேடை ஏறும் கொடுமை தனிக் கதை; அதற்கு இன்று நேரமில்லை. திரைப்பட நடனக் கலைஞர்கள் சங்கம் வைத்துக்கொண்டார்கள். கூலி பேச அவர்களுக்கு ஓர் இடமாவது இருக்கிறது.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் விழாக் கமிட்டிக்காரர்கள் இருப்பீர்கள். அரசாணை வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற தை மாதம் செட்டுப் பேசும்போது, ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். பள்ளிக்கூடச் சாவியை ஒரு நாள் கேட்டு வாங்கி, தாழ்ப்பாளும் கழிப்பறையும் உள்ள அறையைத் திறந்து விடுங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன், அன்பளிப்பு கொடுப்பவர்கள் தட்டில் வைக்கட்டும், யாரும் ஊக்கை எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.