வீடு ஏழாவது, வடை ஒன்பதாவது | ஒஸ்லோ வ்லாக்

வணக்கம். இன்றைக்குச் சமையல் காணொளி இல்லை. வடை வரும், ஆனால் செய்முறைக்காக இல்லை. ஒரே கிழமையில் இரண்டு விஷயம் நடந்தது: ஒரு விழாவுக்கு அழைப்பு வந்தது, பெயரைப் பார்த்து ஒரு வீடு மறுக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்து யோசித்ததில் வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. கதைத்தே ஆகவேண்டும் என்று கமராவைப் போட்டுவிட்டேன்.

ஒஸ்லோவில் எங்கள் குரோருட்டாலன் பக்கம் வருடாவருடம் ஒரு பன்னாட்டு விழா வைப்பார்கள். பழைய ஆட்களுக்குத் தெரியும், போன வருடத்துக் காணொளியே இருக்கிறது. ஒழுங்கு செய்பவர்களிடமிருந்து இந்த முறையும் செய்தி வந்தது. வழமைபோல வடை கொண்டுவாருங்கள், சேலை கட்டி வந்தால் வடிவாக இருக்கும், பிள்ளைகளின் நடனம் ஒன்றும் இருந்தால் நல்லது என்று. சரி, அன்பாகத்தான் கேட்டார்கள்.

அதே கிழமை என் மருமகன், அண்ணாவின் மகன், வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தான். இங்கே பிறந்தவன். தமிழைவிட நோர்வேஜிய மொழிதான் அவனுக்குச் சரளம். நிரந்தர வேலை இருக்கிறது, முற்பணமும் கையில் இருக்கிறது. ஒரு விளம்பரத்துக்குத் தன் முழுப்பெயரோடு எழுதினான். "மன்னிக்கவும், வீடு போய்விட்டது" என்று பதில் வந்தது. அன்று பின்னேரமே அவனோடு படித்த பொடியன் ஒருவன், நோர்வேஜியப் பெயர் உள்ளவன், அதே வசனங்களை அப்படியே அதே விளம்பரத்துக்கு அனுப்பினான். "வியாழக்கிழமை வந்து பாருங்கள்." மருமகன் இரண்டு பதிலையும் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். கீழே ஒரு சொல் எழுதவில்லை. அத்தைக்கு விளங்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு வீட்டுக்காரர் அப்படி இருந்தால் முழு நகரத்தையும் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 2012 இல் மிட்பேன், ரொக்ஸ்தாட் என்ற இரண்டு நோர்வே ஆய்வாளர்கள் வேலைவாய்ப்பில் இதையே சோதித்து வெளியிட்டார்கள். 1,800 கற்பனை விண்ணப்பங்கள். ஒரே தகுதி, ஒரே அனுபவம், பெயர் மட்டும் வேறு. பாகிஸ்தானியப் பெயர் இருந்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடும் வாய்ப்பு ஏறக்குறைய 25 சதவீதம் குறைந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை தற்செயலாகச் செய்தது அந்தச் சோதனையைத்தான்.

இனி ஒஸ்லோவைப் பற்றி. இந்த நகரத்தை நான் விரும்புகிறேன், அதனால்தான் இவ்வளவு கதைக்கிறேன். 2001 ஜனவரி 26 இரவு, ஒஸ்லோவின் ஹொல்ம்லியாப் பகுதியில், பெஞ்சமின் ஹெர்மன்சன் என்ற 15 வயதுப் பிள்ளையை நவ நாஜிகள் குத்திக் கொன்றார்கள். அப்பா கானாவைச் சேர்ந்தவர், அம்மா நோர்வேக்காரி. தோல் கறுப்பு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சில நாட்களில், பெப்ரவரி 1 ஆம் தேதி, அந்தக் குளிரில் ஏறக்குறைய 40,000 பேர் தீப்பந்தத்தோடு ஒஸ்லோத் தெருக்களில் நடந்தார்கள். அதே வருடம் மாநகரசபை தொடங்கியதுதான் ஒக்ஸ்லோ, 'ஒஸ்லோ எக்ஸ்ட்ரா லார்ஜ்'. நகரம் எல்லாருக்கும் உரியது என்ற வேலைத்திட்டம் அது. ஒரு பிள்ளையின் மரணத்தில் தொடங்கிய வேலை, வடைத்தட்டோடு முடியக்கூடாது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அப்புறம் 2008. ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பியப் பேரவை (ஐரோப்பிய ஒன்றியம் வேறு, இது வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம்) 'பல்பண்பாட்டிடை நகரங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெவ்வேறு பின்னணி மக்கள் சமமாகக் கலந்து வாழ நகரங்களுக்கு உதவும் திட்டம் அது. முதலில் சேர்ந்தவை 11 நகரங்கள். ஒஸ்லோ அதில் ஒன்று. பெர்லினின் நொய்க்கோல்ன், பிரான்சின் லியோன், இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா, போலந்தின் லுப்ளின், கிரேக்கத்தின் பத்ராஸ், நெதர்லாந்தின் தில்பூர்க் எல்லாம் கூடச் சேர்ந்தவை. இப்போது 150க்கு மேல். ஜப்பானின் ஹமமாட்சுவும் இருக்கிறது, கனடாவின் மொன்றியலும் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கேள்விப்பட்டியல். சேரும் நகரம் நீளமான ஒரு கேள்விப்பட்டியலை நிரப்ப வேண்டும். உங்கள் ஊழியர்களின் பின்னணி நகரத்து மக்களின் பின்னணியோடு ஒத்துப்போகிறதா? பாகுபாடு எவ்வளவு நடக்கிறது என்று ஒழுங்காகக் கணக்கெடுக்கிறீர்களா? பாதிக்கப்பட்டவருக்கு உதவ ஒரு இடம் இருக்கிறதா? ஒரு இனத்தவர் மட்டுமே குவிந்த குடியிருப்புகளில் மற்றவர்களும் வந்து வாழ என்ன செய்தீர்கள்? எல்லாம் இப்படி மடக்குகிற கேள்விகள். பிறகு வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து பார்க்கிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள், அது இணையத்தில் எல்லாரும் படிக்கக் கிடக்கும். நூலகத்தில் உட்கார்ந்து நான் படித்தேன். இதை நீங்களும் செய்யுங்கள், உங்கள் நகரம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஓ, ஒன்றை விட்டுவிட்டேன். இதற்கு முன்னால் இன்னொரு கூட்டணி வந்தது. 2004 டிசம்பர் 10, மனித உரிமை நாள், ஜெர்மனியின் நூரெம்பெர்க்கில் 'இனவாதத்துக்கு எதிரான ஐரோப்பிய நகரங்களின் கூட்டணி' உருவானது, யுனெஸ்கோவின் முயற்சியில். எந்த நகரம் பாருங்கள். 1935 இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் எந்த ஊரின் பெயரில் வந்தனவோ அதே ஊர்.

இந்தக் கூட்டணிக்குப் பத்து அம்சத் திட்டம் ஒன்று இருக்கிறது. சேரும் நகரம் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதைப் படிக்கும்போதுதான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றாவது, பாதிக்கப்பட்டவருக்கு ஆதரவு. ஆறாவது, மாநகரசபை தன் வேலைகளிலும் சேவைகளிலும் எல்லாரையும் சமமாக நடத்துவது. ஏழாவது, வீடு. வீடு கிடைப்பதில் நியாயம். எட்டாவது, கல்வி. ஒன்பதாவதுதான் பண்பாட்டுப் பன்மையைக் கொண்டாடுவது. எங்கள் வடையும் சேலையும் நடனமும் அங்கேதான் வருகின்றன. வீடு ஏழாவது, வடை ஒன்பதாவது. ஆனால் எனக்கு இத்தனை வருடமாக வந்த அழைப்பெல்லாம் ஒன்பதாவதுக்குத்தான். ஏழாவதைப் பற்றிக் கதைக்க ஒருவரும் கூப்பிட்டதில்லை.

சரி, வடை. போனேனா என்று கேட்பீர்கள். போனேன். விழாவை நான் வெறுக்கவில்லை, பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்குவதைப் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் உழுந்து விலை! இதைச் சொல்லாமல் போகமாட்டேன். போன வருடம் 49 குரோனருக்கு வாங்கிய ஒரு கிலோ உழுந்து இப்போது 69. கடைக்கார அண்ணாவிடம் கேட்டேன், கப்பல் செலவு என்கிறார். பக்கத்துத் தட்டில் இருக்கும் துவரம்பருப்பும் அதே கப்பலில்தானே வந்தது, அது ஏன் ஏறவில்லை? பதில் இல்லை. இருந்தாலும் உடைத்த உழுந்து வாங்கவில்லை, முழு வெள்ளை உழுந்துதான். அதில் நான் இறங்கிப் போகமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அரிசிமா சேர்க்கச் சொல்லிப் போன காணொளியின் கீழே சண்டை பிடித்தவர்கள் கவனியுங்கள்: ஒரு கரண்டி அரிசிமா சேர்க்கவில்லை. அளவாக ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்தேன். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் பந்துபோல மிதந்தது. வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. மத்தியானத்துக்கு முன்னரே முடிந்துவிட்டது, ஒன்றுகூட மிஞ்சவில்லை!

அந்த மேசையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ் அக்கா ஒருவர் வடை வாங்க வந்தவர், பக்கத்து மேசையைக் கண்ணால் காட்டிச் சொன்னார்: "சோமாலிக்காரருக்கெல்லாம் கொம்யூன (மாநகரசபை) வீடு சும்மா குடுக்குது, எங்கட பிள்ளையளுக்குத்தான் ஒண்டும் இல்லை." பக்கத்து மேசையில் சம்பூசா, அதாவது அவர்களின் சமோசா, விற்றுக்கொண்டிருந்த பெண் சோமாலியாக்காரி.

இங்கே எனக்கு உதவியது பார்சிலோனா. 2010 இல் அந்த நகரம் வதந்திகளுக்கு எதிரான திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வந்தேறிகள் வரி கட்டுவதில்லை, உதவிப்பணம் முழுக்க அவர்களுக்கே போகிறது, அவர்களின் கடைகளுக்கு வரி கிடையாது, இந்த மாதிரிக் கதைகளைத் திரட்டி, உண்மை என்ன என்று பார்த்தார்கள். சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வதந்தி எதிர்ப்பாளர்கள் ஆக்கினார்கள், சித்திரக்கதைகூடப் போட்டார்கள். பிறகு மற்ற நகரங்களும் இதை எடுத்துக்கொண்டன: ஸ்டொக்ஹோமுக்குப் பக்கத்துப் பொட்சிர்க்கா, ஜெர்மனியின் எர்லாங்கன், அயர்லாந்தின் லிமெரிக், ஸ்பெயினின் பில்பாவோ. ஒரு ஊர் கண்டுபிடித்ததை மற்ற ஊர் அப்படியே எடுத்துப் பாவிக்கலாம். நகரங்கள் கூட்டுச் சேர்வதால் வருகிற பெரிய நன்மை இதுதான் என்பேன். அவர்கள் சொல்லிக்கொடுப்பது: கத்தாதே, பாடம் எடுக்காதே, கேள்வி கேள்.

நான் கேட்டேன். "அக்கா, உங்களுக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்துக்குச் சும்மா கிடைத்தது?" யோசித்தார். "எனக்கு ஆரோ சொன்னது." மாநகரசபை வீட்டுக்கும் மாதாமாதம் வாடகை கட்டவேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். பிறகு மருமகனின் கதையைச் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த சம்பூசாப் பெண் திரும்பி, தன் மகளுக்கும் இதேதான் நடந்தது, நோர்வேஜியத் தோழி எழுதியதும் வீடு இருக்கிறது என்று பதில் வந்தது என்றார். அக்கா வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடமே விவரம் கேட்கத் தொடங்கிவிட்டார். எந்தப் பகுதி, எவ்வளவு வாடகை, என்ன எழுதினார்கள் என்று. எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது. வெள்ளைக்காரரின் இனவாதம் என்று கதைக்க எங்கள் ஆட்களுக்கு வாய் இருக்கிறது. சோமாலியரைப் பற்றியும் ரோமா மக்களைப் பற்றியும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கதைப்பதைப் பற்றிக் கதைக்க வாய் வருவதில்லை. அதுவும் மாற வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். பெல்ஜியத்தில் கென்ட் என்ற நகரம். 2015 இல் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து வாடகைச் சந்தையைச் சோதித்தார்கள். ஒரே மாதிரி விண்ணப்பம், ஒன்றில் பிளெமியப் பெயர் (அந்தப் பகுதி மக்களின் பெயர்), மற்றதில் வெளிநாட்டுப் பெயர். யாருக்கு வீடு பார்க்க அழைப்பு வருகிறது என்று எண்ணினார்கள். இனி இப்படிச் சோதிக்கப்போகிறோம் என்று அறிவித்த பிறகு வீட்டுத் தரகர்களிடம் பாகுபாடு குறைந்தது. யாரோ பார்க்கிறார்கள் என்றால் கை தானாகத் திருந்துகிறது. என் மருமகனும் அவன் தோழனும் வீட்டிலிருந்து செய்ததை ஒரு நகரம் ஒழுங்குமுறையாகச் செய்கிறது. எங்கள் நகரத்திலும் வருடாவருடம் இது நடக்க வேண்டும், முடிவு வெளியே வரவேண்டும். எந்தப் பகுதியில் எத்தனை பேருக்குப் பெயரைப் பார்த்துக் கதவு மூடுகிறது என்று எண்ணிச் சொல்லட்டும். நான் இதை மாநகரசபைக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

எழுதினால் யார் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்த கம்சாயினி குணரத்தினம் 19 வயதில் ஒஸ்லோ மாநகரசபைக்குள் போனார், 2015 இல் துணை மேயர் ஆனார். 2011 இல் உட்டோயா தீவில் இளைஞர் முகாமில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது தண்ணீரில் குதித்து நீந்தித் தப்பியவர் அவர். நாடாளுமன்றத்துக்கு அதற்குப் பிறகுதான், 2021 இல், போனார். முதலில் கதவு திறந்தது நகரத்தில். இன்னொன்று, குடியுரிமை இல்லாவிட்டாலும் மூன்று வருடம் தொடர்ந்து நோர்வேயில் வசித்தவர் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். எங்களில் எத்தனை பேர் அந்த வாக்கைப் போடாமல் வீட்டில் இருக்கிறோம்! எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காத விஷயம்.

கடைசியாக, நோர்வேயில் இருப்பவர்களுக்கு. பெயரை, நிறத்தை, மதத்தை வைத்து வாடகைக்கு மறுப்பது இங்கே சட்டவிரோதம். வந்த பதிலை அழிக்காதீர்கள். தேதியும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள், விளம்பரத்தையும் சேர்த்து, ஏனென்றால் அது சீக்கிரம் மறைந்துவிடும். முதலில் சமத்துவ, பாகுபாட்டு ஒம்புட் (பாகுபாட்டுக்கு எதிராக ஆலோசனை சொல்லும் அரச அதிகாரி) அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள், இலவசம். பிறகு பேர்கனில் இருக்கும் பாகுபாட்டுத் தீர்ப்பாயத்துக்கு முறைப்பாடு அனுப்பலாம், அதற்கும் காசு இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. மருமகன் அனுப்பிவிட்டான். நான் பக்கத்தில் இருந்து எழுத்துப்பிழை பார்த்தேன்.

அந்தப் பத்து அம்சங்களையும் தமிழில் எழுதிக் கீழே போடுகிறேன். பேர்கனில், ஸ்தவாங்கரில், மொன்றியலில் இருப்பவர்கள் உங்கள் ஊரில் வீடு தேடும்போது என்ன நடந்தது என்று எழுதுங்கள், வீட்டுக்காரரின் பெயர் போடாமல். எல்லாவற்றையும் படித்துப் பதில் போடுவேன். சரி, வருகிறேன்.