கம்பத்திலா, கண்ணாடிப் பேழையிலா?

நேயர்களுக்கு வணக்கம். ஆட்சி போன பின்னும் மிஞ்சிய பழைய கொடிகளை எங்கே, எப்படிக் காட்டுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

தீரன் சின்னமலை நினைவு நாளுக்குப் பள்ளியில் நாடகம் போடுகிறவர்களுக்கு முதலில் ஒரு சொல். சங்ககிரிக் கோட்டைக் காட்சியில் பிரிட்டனின் கொடியான யூனியன் ஜாக்கை முழுதாகக் கட்டாதீர்கள். அவர் தூக்கிலிடப்பட்ட 1805-இல் இங்கே ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. அதற்குத் தனிக்கொடி உண்டு: சிவப்பும் வெள்ளையுமாகக் கிடைக்கோடுகள், கம்பத்தை ஒட்டிய மேல்மூலையில் மட்டும் யூனியன் ஜாக். கதை 1792-இல், திப்புவிடமிருந்து சேலம் கைமாறிய ஆண்டில் நடந்தால் அந்த மூலையில் இருக்கும் யூனியன் ஜாக்கும் மாறும். அதில் மூலைக்கு மூலை சாய்வாக ஓடும் சிவப்புப் பட்டைகள் 1801-இல் அயர்லாந்து இணைந்தபோதுதான் சேர்ந்தன.

நுணுக்கம் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வியாபாரம் செய்ய வந்த கம்பெனி வரி வாங்கியது, தூக்கிலும் போட்டது என்ற செய்தி அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. கொடி தவறினால் குற்றவாளியே மாறிவிடுகிறார்.

கொடியைக் கம்பத்தில் ஏற்றினால் பார்ப்பவர் அண்ணாந்து பார்க்கிறார். பேழையில் கிடத்தினால் குனிந்து படிக்கிறார். துணி ஒன்றுதான், ஆனால் முதலாவது மரியாதை, இரண்டாவது விசாரணை. தென்னாப்பிரிக்காவில் 1928 முதல் 1994 வரை இருந்த, நிறவெறி ஆட்சியின் அடையாளமான பழைய கொடியைப் பற்றி அந்நாட்டுச் சமத்துவ நீதிமன்றம் 2019-இல் தந்த தீர்ப்பு இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. தகுந்த காரணமின்றி அதைக் காட்டுவது வெறுப்புப் பேச்சு. கல்வி, கலை, இதழியல் ஆகியவற்றுக்காகப் பொதுநலன் கருதிக் காட்டலாம். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023-இல் இதை உறுதி செய்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாக அந்நாட்டின் நேட்டாலுக்குப் போன நம் மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் கொடியின் கீழ் வாழ்ந்தவர்கள். அதனால் அது நமக்கும் தூரத்துச் சங்கதி இல்லை.

ஜெர்மனியில் நாஜிக் கொடிக்குத் தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவில் தடை இருக்கிறது. பாடம், ஆய்வு, கலைக்கு விலக்கு உண்டு. நம் வீட்டு வாசலில் போடும் ஸ்வஸ்திகம் வேறு. சிவப்புத் துணியில் வெள்ளை வட்டம், நடுவில் 45 பாகை சாய்ந்த கறுப்புச் சின்னம் என்று மூன்றும் சேர்ந்தால்தான் அது நாஜிக் கொடி. மாணவர்கள் புராஜெக்டுக்கு அதை உள்ளங்கை அளவில் வரைந்து விளக்கம் எழுதினால் போதும். ஆளுயரத்தில் தைக்கவே கூடாது.

இனி ஏற்காட்டுக்கு வருவோம். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் அங்கே காபியைக் கொண்டுவந்தார். தோட்ட பங்களாக்களின் பழைய டிரங்குப் பெட்டிகளில் யூனியன் ஜாக் கிடைத்தால் வரவேற்பறையில் அலங்காரமாகத் தொங்கவிடும் ஆசை வரும். அந்த அலங்காரத்தில் துரையின் சுகம் மட்டுமே தெரியும், காபி பறித்த கை தெரியாது. அதைப் பேழையில் வையுங்கள்.

முதலில் வயதைப் பாருங்கள். கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா டார்ச்சைத் தையல் நூலில் அடியுங்கள். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் பெரும்பாலும் பிற்காலத் தையல். ஆனால் இன்றைய சோப்புத்தூளில் யாராவது துவைத்திருந்தால் பழைய நூலும் ஒளிரும். ஆகவே இதை மட்டும் நம்ப வேண்டாம், பூதக்கண்ணாடியில் நூலையும் பாருங்கள்.

துவைக்காதீர்கள். சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. இஸ்திரி, செலோடேப், லேமினேஷன் மூன்றும் வேண்டாம். கம்பளிக் கொடியில் அந்துப்பூச்சி இருந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒருநாள் அப்படியே விட்டால்தான் வியர்த்து ஈரமாகாது.

காட்சிக்கு 50 லக்ஸ் அளவுள்ள மங்கிய வெளிச்சம் போதும். ஜன்னல் வெயில் ஆகாது. ஆண்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல் வெளியே வைக்காமல் இருந்தால் நிறம் தங்கும். செங்குத்தாகத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே துணி கிழியும், அதனால் சாய்வுப் பலகையில் கிடத்துங்கள். பலகையின் மேல் விரிக்கும் துணி, கஞ்சி முழுதும் போகத் துவைத்த வெள்ளைக் கைத்தறித் துணியாக இருக்கட்டும். கஞ்சி பூச்சியை இழுக்கும். அந்தத் துணியோடு சேர்த்துத் தைக்கும்போது ஊசி நெடுக்கு நூலான பாவுக்கும் குறுக்கு நூலான ஊடுக்கும் இடையே நுழைய வேண்டும், நூலைத் துளைக்கக் கூடாது. நம் ஊர் நெசவாளர் கைக்கு இது தெரியும். கண்ணாடி துணியைத் தொடக் கூடாது. 1,500 மீட்டர் உயரத்து மூடுபனியில் வெளிச்சுவர் ஈரம் கோக்கும், பூஞ்சை வரும். பேழையை உள்சுவர்ப் பக்கம், ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

அதே வளாகத்தில் தேசியக் கொடி பறந்தால் அந்தக் கம்பத்தில் வேறு கொடி கூடாது, அதைவிட உயரத்திலும் எதுவும் கூடாது. ராட்டை போட்ட மூவர்ணம் 1931-இன் காங்கிரஸ் கொடி, அதுவும் பேழைக்குரியதே. 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை ஏற்றது சக்கரக் கொடி.

கடைசியாக விளக்க அட்டை. "பழைய கொடி" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். யாருடைய கொடி, எந்தக் காலம், எந்தத் துணி, இதன் கீழ் இந்த மலையில் யார் நிலத்தை ஆண்டார்கள், யார் உழைத்தார்கள், யாரிடமிருந்து வந்தது என்று தமிழில், நின்றபடி படிக்கும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பதிவு எண்ணைக் கொடியின் மேல் மையால் எழுதக் கூடாது. தனி நாடாவில் பென்சிலால் எழுதி, ஓரத்து மடிப்பில் இரண்டு தையல் போட்டால் போதும்.

வணக்கம்.