வகுப்பறைப் பூஞ்சைக்குப் பெயின்ட்தான் மருந்தா?

வணக்கம் மக்களே. இன்றைக்குச் செம கடுப்பில் இருக்கிறேன். என் பையனுடைய இரண்டாம் வகுப்பு அறையில், பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. பெற்றோர் கூட்டத்தில் கேட்டால், "லீவில் பெயின்ட் அடித்துவிடுகிறோம்" என்கிறார்கள். போன வருடமும் இதே பதில்தான்! ஓதம் ஏறிய சுவரில் எத்தனை கோட் அடித்தாலும் உரிந்துதானே வரும்?

நம் குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டால், பிள்ளைகள் விடுகிற மூச்சின் ஈரம் எங்கே போகும்? சில்லென்றிருக்கிற சுவரில் போய்ப் படியும். மூலையில் நனைந்த ஸ்வெட்டர் குவியல் வேறு. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் டஸ்ட் மைட்டுக்குக் கொண்டாட்டம். கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான், ஆனால் அதன் எச்சம் பட்டால் அலர்ஜி உள்ள பிள்ளைக்குத் தும்மல், இழுப்பு எல்லாம் வரும்.

சரி, காற்றோட்டம் எப்படி என்று பார்க்க, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன், அந்தக் கதை. 8,400 ரூபாய்! வீட்டில் இன்னும் விலையைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் கார்பன் டை ஆக்சைடை அளக்கிற சென்சாரே கிடையாது. வேறு வாயுக்களை வைத்து ஒரு குத்துமதிப்பு எண்ணைக் காட்டும். பக்கத்தில் சானிடைசர் தடவினால் போதும், எகிறிவிடும். பெட்டியில் 'என்டிஐஆர்' (அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவையே அளக்கிற சென்சார்) என்று இருக்கிறதா பாருங்கள்.

அதை வாங்கி வாசலில் வைத்தால் 340 என்று காட்டுகிறது. வெளிக்காற்றில் 420 பிபிஎம்மாவது (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்க வேண்டுமே! கடைக்காரருக்குப் போன் போட்டேன், "ரீஸ்டார்ட் பண்ணுங்க மேடம்" என்றார். எதற்கெடுத்தாலும் ரீஸ்டார்ட்! கடைசியில் விஷயம் என்னவென்றால், நாம் இருப்பது சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் மீட்டரும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டுகிறது. செட்டிங்கில் உயரத்தைப் போட்டதும் 420. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

டீச்சரிடம் அனுமதி வாங்கி, மதிய மணி அடிக்கும் நேரத்தில் வகுப்பில் வைத்தேன். 2,300. பொதுவாக 1,000க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். இந்த அளவு வாயுவே விஷம் என்று பயப்பட வேண்டாம். ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்கிறார் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

ஐயோ, சாக்பீஸை விட்டுவிட்டேனே. தூள் பறக்காத சாக்பீஸ் சிலவற்றில் பால் புரதமான கேசின் சேர்க்கிறார்கள். பால் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு அதுவே இழுப்பைக் கிளப்பலாம். டஸ்டரை வகுப்புக்குள்ளேயே தட்டுவதும் எனக்குப் பிடிக்காது. ரூம் ஸ்ப்ரேயும் எனக்கு ஆகவே ஆகாது. அதையும் அங்கே அடிக்கிறார்கள்!

ஜன்னலை முழுக்கத் திறந்தால் பிள்ளைகள் நடுங்கிவிடுவார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே இரண்டு பக்கமும் வெண்டிலேட்டர் இருக்கிறது, அட்டை வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். அதைப் பிரிக்கவும், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடவும் ஹெட்மாஸ்டர் சம்மதித்துவிட்டார். ஆணி பிடுங்க சனிக்கிழமை ஆள் வருகிறார். திங்கட்கிழமை மறுபடி மீட்டரோடு போகிறேன், எண்ணைக் கம்யூனிட்டி போஸ்டில் போடுகிறேன்.