எண்ணெய் தடவிய கை

அனைவருக்கும் வணக்கம். 'பாடநூல் இலக்கியத்தில் மன உறுதி' என்றுதான் எனக்குத் தலைப்பு கொடுத்தார்கள். அதோடு 'மெய்ப்பாடும்' என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதுதான் மெய்ப்பாடு. அப்படிச் சேர்க்க வைத்தது ஒரு விடைத்தாள்.

நான் ஆசிரியராக இருந்த காலம். காலாண்டுத் தேர்வு. புறநானூற்றின் 279ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. 'இப்பாடலில் வெளிப்படும் மெய்ப்பாடு யாது?' என்று ஒரு மதிப்பெண் வினா. விடைக்குறிப்பில் 'பெருமிதம்' என்று இருந்தது. ஒரு மாணவி 'பயம்' என்று எழுதியிருந்தாள். 'அச்சம்' என்றுகூட இல்லை, பயம். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த தாளைப் புரட்டிவிட்டேன். தாள் கொடுத்த அன்று அவள் மேசைக்கு வந்தாள். "பயம் இல்லாமலா சார் அந்தம்மா மயங்குறாங்க?" என்று கேட்டாள்.

பாட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். பறை ஒலிக்கிறது. முன்பு நடந்த போரில் இவளுடைய தமையன் யானையை வீழ்த்திவிட்டுக் களத்திலேயே மாண்டான். நேற்று நடந்த போரில் கணவன் ஆநிரையை மீட்கப்போய் அங்கேயே பட்டான். இன்றும் பறை. அதைக் கேட்டதும் இவள் மகனைக் கூப்பிட்டு,

'விருப்புற்று மயங்கி
வேல்கைக் கொடுத்து வெளிதுவிரித்து உடீஇப்
பாறுமயிர்க் குடுமி எண்ணெய் நீவி
ஒருமகன் அல்லது இல்லோள்
செருமுகம் நோக்கிச் செல்கென விடுமே.'

இருபது வருடமாக வகுப்பில் இந்தப் பாட்டை உரத்த குரலில் நடத்தியவன் நான். 'வீரத்தாய்!' என்று கையை ஓங்குவேன், பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். 'மயங்கி' என்ற சொல்லை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடுவேன். விருப்பமும் வருகிறது, மயக்கமும் வருகிறது என்று புலவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளை கேட்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை.

கேட்ட பிறகு பாட்டை மறுபடி படித்தேன். அவள் செய்யும் காரியங்களின் வரிசையைக் கவனியுங்கள். பிள்ளையை வெளியே அனுப்பும் தாய் முதலில் தலை வாருவாள், பிறகு உடுத்திவிடுவாள், கடைசியில்தான் கையில் எடுத்துப்போக வேண்டியதைக் கொடுப்பாள். நம் வீட்டுப் பள்ளிக்கூடக் காலைகள் அப்படித்தானே? இங்கே தலைகீழாக இருக்கிறது. பறை கேட்ட வேகத்தில் வேல் முதலில் கைக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு வெள்ளாடையை எடுத்து விரித்து உடுத்துகிறாள். அதன் பிறகு பரட்டைத் தலைக்கு எண்ணெய் தடவுகிறாள். வேல் ஏந்தி நிற்கும் ஒருவனுக்கு எண்ணெய் எதற்கு? முடிவெடுத்தாயிற்று, அது மாறாது. கைகள் மட்டும் அவனை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துக்கொள்கின்றன. அவன் ஒரே மகன் என்பதைக்கூட எண்ணெய் தடவி முடித்த பிறகுதான் புலவர் நமக்குச் சொல்கிறார்.

இன்னொன்று. இந்தப் பாட்டில் தாய் ஒரு வார்த்தைதான் பேசுகிறாள்: 'செல்க'. மற்றதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருடைய குரல். 'கெடுக சிந்தை கடிதுஇவள் துணிவே' என்று அந்தக் குரல் தொடங்குகிறது. 'பாவி மக, எப்படித்தான் மனசு வந்துச்சோ' என்று நம் தெருவில் சொல்வார்களே, அந்தத் தொனி. வைவது போலிருக்கும், உள்ளே வியப்பு இருக்கும். உறுதி அவளுடையது, நடுக்கம் பார்ப்பவருடையது.

சிறுவனைப் போருக்கு அனுப்புகிற பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாமா என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. வெறும் பெருமிதமாக நடத்தினால் கூடாது என்பதே என் பதில். எண்ணெயையும் சேர்த்து நடத்துவதானால் தாராளமாக நடத்தலாம்.

விடைக்குறிப்பு தப்பு என்று நான் சொல்லவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று 8 மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கும் பெருமிதத்தின் நிலைக்களன்கள், அதாவது அது பிறக்கும் இடங்கள். நாம் மன உறுதி என்று சொல்வது தறுகண் என்ற பெயரில் அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஆக, பெருமிதம் சரிதான். ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரு மெய்ப்பாடுதான் என்று தொல்காப்பியர் எங்கே சொன்னார்? அது வினாத்தாளுக்காக நாம் போட்டுக்கொண்ட விதி. பார்ப்பவரின் வியப்பு மருட்கை. அழுகைக்குரிய நான்கில் ஒன்று இழவு. தமையனையும் கணவனையும் இழந்த வீட்டில் அது இல்லாமல் போகுமா?

இந்தக் கண்ணோடு சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதைக்குப் போங்கள். 'தேரா மன்னா' என்ற இடம் வந்தால் பள்ளி ஆண்டு விழா மேடையே அதிரும். கண்ணகி வேடமிட்ட பிள்ளை சிலம்பை ஓங்கிக்கொண்டு கண்ணை உருட்டும். ஆனால் அதற்குச் சற்று முன் பாண்டியன் அவளை எப்படி அழைக்கிறான்? 'நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய்.' கண்ணீர் வடிய வந்து நிற்பவளே என்கிறான். அவள் அழுதுகொண்டேதான் பேசுகிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்ததாக இளங்கோ எழுதவில்லை.

பிறகு அவள் சோழநாட்டு நீதியை எடுத்துச் சொல்லும்போது வரும் வரிகள்:

'வாயிற் கடைமணி நடுநா நடுங்க
ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுட.'

முதல் கடைமணி அரண்மனை வாயிலில் தொங்கும் மணி. இரண்டாவது, பசுவின் கடைக்கண் மணி. இதைச் சொல்நயம் என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்குகிறோம். வாங்கலாம். ஆனால் யார், யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். கண்ணில் நீர் வழிய நிற்கும் ஒருத்தி, ஒரு பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுட்டதற்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட அரசனைப் பற்றி இன்னோர் அரசனிடம் சொல்கிறாள். என் கண்ணீர் உன்னைச் சுடவில்லையா என்று அவள் கேட்கவே இல்லை. கேட்காமலே அது அவையில் விழுந்துவிடுகிறது. வெகுளியும் அழுகையும் ஒரே மூச்சில் வருகிற இடம் இது. அழுகையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கூச்சல்தான்.

பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்' நேர் எதிர்ப்பக்கம். 5 அடி, முழுக்கக் கையறுநிலை, அதாவது இழந்ததை எண்ணிப் புலம்புவது. அதில் உறுதியை எங்கே தேடுவது? 'வென்றெறி முரசின் வேந்தர்', அதாவது வென்று முரசறையும் அரசர் என்ற தொடரில் தேடுங்கள். மூவேந்தரும் சேர்ந்து பாரியை வஞ்சித்துக் கொன்றதால் அந்தப் பட்டம் இகழ்ச்சிக் குறிப்பு என்கிறது பழைய உரை. தகப்பனும் போய், குன்றும் போய் நிற்கிற பெண்கள் அழுகைக்கு நடுவில் ஒரு குத்துக் குத்திவிட்டுப் போகிறார்கள்.

பாரதியின் 'அச்சமில்லை'யையும் வகுப்பே அதிரப் பாடுகிறோம். அதில் உலகம் எதிர்ப்பதற்கும் வானம் இடிவதற்கும் இடையில் 'நச்சை வாயிலே கொணர்ந்து நண்பர் ஊட்டு போதினும்' என்று ஒரு வரி வரும். விஷம் வைப்பவர் பகைவர் இல்லை, நண்பர். அந்த வரியில் மட்டும் குரலைத் தாழ்த்திப் பாடச் சொல்லுங்கள். வகுப்பு எப்படி அடங்குகிறது என்று பாருங்கள்.

கதைக்கு வருகிறேன், நேரமாகிவிட்டது. ஒரே ஒரு கதை, கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. ஏழைத் தாய் தாயம்மாள் தீபாவளி அன்று ராஜா என்ற ஓர் அநாதைப் பையனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். அவனுக்கு உடுத்தத் துணி இல்லை. வீட்டில் இருப்பது கணவனுக்கென்று எடுத்து வைத்த துண்டு. கொஞ்சம் தயங்குகிறாள். பிறகு அதை எடுத்து அவனுக்குக் கட்டிவிடுகிறாள். வேல் இல்லை, சிலம்பு இல்லை, முழக்கம் இல்லை. 'மன உறுதிக்கு எடுத்துக்காட்டுத் தருக' என்ற கேள்விக்கு இவளை எழுதிய மாணவரை நான் கண்டதில்லை. ஒரு துண்டுதான் இருக்கிற வீட்டில் அதை எடுத்துக் கொடுக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு துண்டுதான் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள்.

அந்த விடைத்தாள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். திரும்ப வாங்கி, பெருக்கல் குறியை அடித்துவிட்டு அரை மதிப்பெண் போட்டேன். "மீதி அரை சார்?" என்றாள். 'கடிதுஇவள் துணிவே' என்று பாட்டிலேயே இருக்கிறதே அம்மா, அதையும் சேர்த்து எழுதியிருந்தால் முழுசாகத் தந்திருப்பேன் என்றேன். அவள் நின்று யோசித்தாள். "அப்போ பெருமிதம்னு மட்டும் எழுதினவங்களுக்கும் அரைதானே சார்?" என்றாள்.

நாற்பது தாள்களையும் அன்று மாலை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நன்றி, வணக்கம்.