கையா, கொப்பியா? கொப்பியின் பக்கம்

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, எதிரே வீற்றிருக்கும் கைப்பக்குவக்காரர்களே, வருடப்பிறப்பு வாசலில் நிற்கும்போது தாச்சியை இறக்கி வைத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் திருகோணமலைப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

பண்டிகைச் சமையலைத் தலைமுறை தாண்டிக் கொண்டுபோவது கைப்பக்குவமா, எழுதி வைத்த குறிப்பா என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா "கண்ணளவு, கையளவு" என்று சொல்லியே கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவருடைய அம்மம்மா பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லையாம். ஆனால் அவர் காய்ச்சிய ஆடிக்கூழின் வாசம் ஒழுங்கை முனை வரைக்கும் போகுமாம். நான் மறுக்கவில்லை. ஒழுங்கை முனைக்கு அப்பால் போனதா என்பதுதான் என் கேள்வி. அதே அம்மம்மாவின் பேத்தி ஒருத்தி டொரொண்டோவில் இருக்கிறாள் என்று அக்காவே சொன்னார். ஆடிப்பிறப்பன்று அந்தப் பிள்ளை தொலைபேசி எடுத்து, "பனங்கட்டி எவ்வளவு போடுறது, மாவை எப்ப கரைச்சு விடுறது?" என்று கேட்கிறாளாம். அக்கா சொல்லும் பதில், "பார்த்துப் போடு பிள்ளை." எதைப் பார்ப்பது? முன்னபின்ன பார்த்திருந்தால் அவள் ஏன் அக்காவுக்கு எடுக்கிறாள்?

கைப்பக்குவத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் பழகுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சொல்லித் தருகிறவரும் பழகுகிறவரும் ஒரே குசினியில், ஒரே அடுப்புக்கு முன்னால் வருடக்கணக்காக நிற்க வேண்டும். இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பத்துக்கு அது வாய்த்தது? நான் சம்பூர்க்காரி. 2006 இல் யுத்தத்தால் ஊரோடு வெளிக்கிட்டோம். ஈச்சிலம்பற்று, வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம் என்று சனம் அலைந்ததை இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காணிகள் திரும்பக் கைக்கு வரத் தொடங்கியது 2015 இல். இடையில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டார்கள். தறப்பாள் கொட்டிலில், நிவாரண அரிசியில், யார் யாருக்கு அரியதரம் சுடப் பழக்குவது? சொல்லித்தரக்கூடிய கை ஒரு முகாமில், பழக வேண்டிய பிள்ளை இன்னொரு இடத்தில்.

எங்கள் பெரியம்மாவிடம் ஒரு கொப்பி இருந்தது. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் போட்டிருந்த பைக்குள் அதுவும் வந்துவிட்டது. "ஏன் பெரியம்மா, இவ்வளவு அவதிக்குள்ளயும் சமையல் கொப்பியையா தூக்கினீங்கள்?" என்று பிற்காலத்தில் கேட்டேன். "தூக்கேல்ல, அது அந்தப் பைக்குள்ளதான் கிடந்தது" என்றார். அவ்வளவுதான் கதை. பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. ஆனால் அதனால்தான் எங்கள் வீட்டுப் பயற்றம் பணியாரம் இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பயற்றம் பணியாரமாக இருக்கிறது.

எதிரணித் தம்பி ஒருவர் கேட்டார்: "அளவை எழுதலாம், பதத்தை எழுத முடியுமா?" நல்ல கேள்வி. பெரியம்மா எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். "பயறு 4 சுண்டு. வாசம் வர வறுத்து, குத்தி, தோலைப் புடைத்து, மாவாக்கி அரிக்கவும். வறுத்த பச்சையரிசி மா அரைச் சுண்டு. தேங்காய் 1, துருவிப் பொன்னிறமாக வறுக்கவும், ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். சீனி 3 சுண்டு. மிளகு, சீரகம், ஏலம் வறுத்துப் பொடித்தது. பாகைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார். நூல் வந்து அறுந்தால் பொறு. அறாமல் நின்றால் இறக்கு. மா கொட்டிக் கிளறினதும் கைபொறுக்கிற சூட்டில் உருட்டு. ஆறவிட்டால் உதிரும்." பதம் இதில் இருக்கிறதா இல்லையா, நடுவர் ஐயா? நூல் அறுவதும் அறாமல் நிற்பதும், கைபொறுக்கிற சூடும் எழுத்தில் வந்துவிட்டனவே! பதத்தை எழுத முடியாது என்கிறவர்கள் எழுதிப் பார்க்காதவர்கள்.

இன்னும் ஒன்று. அந்தப் பக்கத்தின் ஓரத்தில், வேறு மையில், பின்னால் ஒரு காலத்தில் எழுதிய வரி: "தீபாவளிக்கு என்றால் மாவை இன்னொருக்கால் வறு." ஏன் என்று எழுதவில்லை. ஆனால் இந்த ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டுமா? சித்திரையில் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும், மா தன்பாட்டில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை பிடித்தால் முற்றத்தில் பாய் விரிக்கவே முடியாது. மாவில் ஈரம் நிற்கும், பணியாரம் நாலாம் நாளே மணக்கத் தொடங்கும். அதே பெரியம்மா, அதே கை, அதே தாச்சி. ஆனாலும் ஒரு தீபாவளிக்குப் பழுதாகி, அடுத்ததற்குத் திருத்தி, அதை எழுதியும் வைத்திருக்கிறார். கையில் மட்டும் இருந்திருந்தால் அந்தத் திருத்தம் அவரோடு நின்றிருக்கும். வாயால் கேட்டிருந்தால் "பார்த்து வறு" என்றிருப்பார். அவரும் அக்காவின் அம்மம்மா மாதிரித்தான், பேசும்போது.

சரி, வருடப்பிறப்புக்கே வருவோம். பண்டிகை எதில் தொடங்குகிறது? மருத்துநீரில். தலையில் மருத்துநீர் வைத்துத் தோய்ந்த பிறகுதான் புத்தாடை, பொங்கல், கைவிசேடம், பலகாரத்தட்டு எல்லாம். அந்த மருத்துநீரை யாராவது கண்ணளவில் காய்ச்சுகிறோமா? பஞ்சாங்கத்தில் அச்சடித்து வருகிறது: தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பீர்க்கு, பால், கோசலம், கோமயம், கோரோசனை, மஞ்சள், மிளகு, சுக்கு என்று வரிசையாக. சுத்தமான நீரில் இட்டுக் காய்ச்ச வேண்டும் என்று செய்முறையும் சேர்த்து. எதிரணிக்காரர் எல்லோரும் நாளை மறுநாள் அந்தக் குறிப்பின்படி காய்ச்சிய நீரைத்தான் தலையில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். வருடம் பிறப்பதற்கு வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரமும் திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்னொரு நேரமும் சொல்லும், அது வேறு பட்டிமன்றம். ஆனால் இரண்டுமே எழுத்துத்தான்.

எதிரணியில் இன்னொருவர் ஒரு கனமான வாதம் வைத்தார். "2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கொப்பி போயிற்று, கை போகவில்லை" என்றார். சபை அமைதியாகிவிட்டது. எனக்கும் பதில் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். கையும் போனது, ஐயா. இந்தக் கரையோரத்தில் எத்தனை வீட்டில் சமைத்தவரே போய்விட்டார்! கொப்பி போன வீட்டுக்காரர், அதைப் பார்த்து எழுதிய ஒன்றுவிட்ட தங்கையிடம் போய்த் திரும்ப எழுதிக்கொண்டு வரலாம். யாரும் பார்த்து எழுதாத கையை எங்கே போய்க் கேட்பது?

கோணேசர் மலையடியில் நின்று பேசுகிறோம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணமாமலைக்குப் பதிகம் பாடினார். அக்கரையில் இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, கல்லை எடுத்துக் கோட்டைக்குப் போட்டார்கள். பதிகத்தை இடிக்க முடியவில்லை. அதே தேவாரத்தில் எவ்வளவோ பதிகங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளில் செல் அரித்தது போக மிஞ்சியதைத்தான் இராசராசன் காலத்தில் எடுத்தார்கள் என்று சொல்வார்கள். கடவுளுக்குப் பாடியதற்கே அந்த நிலை என்றால், கொழுக்கட்டைக்கு எங்கே போவது?

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கசக்கும், அக்கா கோபிக்கக்கூடாது.

"அம்மாவின் கைப்பக்குவம் யாருக்கும் வராது." இதை மேடையில் யார் அதிகம் சொல்கிறார்கள் என்று கவனித்தீர்களா? எதிரணியில் இருக்கும் ஆண்கள். ஏன் சொல்கிறார்கள்? யாருக்கும் வராது என்று சொல்லிவிட்டால் யாரும் செய்யத் தேவையில்லையே! வருடப்பிறப்புக்கு முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் நடப்பது இது. ஆண்கள் முற்றத்தில் கதிரை போட்டு ஊர்க்கதை பேசுவார்கள். அம்மா தாச்சிக்கு முன்னால் இருப்பார். எண்ணெய்ச் சூட்டில் முகம் சிவந்து, இடுப்பு பிடித்து, ஒரு கையால் சேலைத் தலைப்பை இழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு. இடையில் ஒருவர் உள்ளே வந்து, சுட்டு எடுத்த முறுக்கில் ஒன்றைக் கடித்து, "இந்தக் கை வேற யாருக்கு வரும்" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டு போவார். அம்மா சிரிப்பார். அந்தச் சிரிப்போடு அடுத்த ஈடு எண்ணெயில் விழும். புகழ்ந்தே ஒரு மனுசியை அடுப்படியில் கட்டிப்போடலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

எழுதி வைத்த குறிப்புக்கு இந்தக் கட்டு இல்லை. அது மகளுக்கென்று எழுதியதாக இருந்தாலும் மகன் எடுத்து வாசிக்கலாம். வாசித்தும் இருக்கிறார்கள். என் தம்பி கட்டாரில் வேலை செய்தபோது, நான் படமெடுத்து அனுப்பிய பெரியம்மாவின் பக்கத்தை வைத்துக்கொண்டு அறைக்குள் பயற்றம் பணியாரம் சுட்டான். முதல் ஈடு எண்ணெயில் கரைந்துவிட்டது என்று தொலைபேசி எடுத்துச் சொன்னான். "தோய்க்கிற மா தண்ணியா இருக்கும், கீழ வாசி" என்றேன். கீழே எழுதியிருந்தது: "மாக்கரைசல் விரலில் ஒட்டி நிற்க வேணும், ஒழுகக் கூடாது." இரண்டாம் ஈடு சரிவந்தது. அடுத்த முறை விடுமுறையில் வந்தபோது வருடப்பிறப்புக்குத் தாச்சிக்கு முன்னால் அவன்தான் இருந்தான். அம்மா கதிரையில் இருந்து, "நெருப்பைக் குறை" என்று அதிகாரம் பண்ணினார். அம்மாவை நான் அவ்வளவு சந்தோசமாகப் பார்த்தது குறைவு.

எழுத்துக்கு இன்னொரு வசதி, அது மதம் பார்க்காது, வேலியும் தாண்டும். என்னோடு வேலை செய்த கிண்ணியா ராத்தா ஒருவர் வட்டிலப்பத்தை ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம், சாதிக்காய் எல்லாம் யாரும் சொல்வதுதான். அவர் எழுதியதில் பொன்னான வரி, "மூடிக்குத் துணி கட்டு, ஆவித் தண்ணி உள்ள சொட்டினா மேல் குழியும்" என்பது. ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டிலிருந்து எனக்குக் கிண்ணம் வரும், நான் தின்று முடித்துக் கழுவிக் கொடுப்பேன். அந்த மூடித்துணி எனக்குத் தெரிந்தது எழுதித் தந்த பிறகுதான். பாலையூற்றுப் பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குச் செய்யும் லவ் கேக்கும் அப்படித்தான். ரவை, கஜு, முட்டை, பூசணிப்பாகு, பன்னீர் எல்லாம் அளவு தப்பினால் கேக் ஆகாது. அதை எழுதாமல் யாரும் காப்பாற்ற முடியாது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 2022 இல் கேஸ் இல்லாமல் வரிசையில் நின்றோமே, அப்போது விறகடுப்புத் தெரிந்த கிழவிமார்தான் எங்களைக் காப்பாற்றினார்கள். கொப்பியில் "மெல்லிய நெருப்பு" என்று இருந்தது. விறகில் மெல்லிய நெருப்பு என்றால் எத்தனை கொள்ளி, எதை வெளியே இழுப்பது என்று பக்கத்து வீட்டு ஆச்சி வந்து காட்டித்தான் எனக்குத் தெரியும். அந்தப் புள்ளியை எதிரணிக்குக் கொடுத்துவிடுங்கள், ஐயா. ஆனால் ஆச்சி போன பிறகு, பெரியம்மாவின் வரிக்குக் கீழே "விறகு என்றால் இரண்டு கொள்ளி, தணல் போதும்" என்று நானே எழுதி வைத்தேன். அதனால் பாதிப் புள்ளி எனக்கு.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். உங்கள் தீர்ப்பு எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன், ஒரேயொரு உத்தரவு மட்டும் அதில் சேர்க்க வேண்டும். எதிரணி அக்காவின் வீட்டு அரியதரம் இந்தப் பட்டினத்தில் பேர்போனது, மொறுமொறு என்று விளிம்பும் நடுவில் மெத்தென்றும். செய்முறையைப் பலமுறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு சொன்னார், எப்போதும் ஒரு சாமான் குறைந்தது. இந்த மேடையிலேயே, உங்கள் முன்னிலையில், சுண்டுக் கணக்கோடு ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனா என்னிடம் இருக்கிறது.